ஆள் தெரியாத இடத்தில் பன்மை: ஆங்கிலமும் தமிழும்

1. கேள்வி

ஆங்கிலத்தில் ஒரு மனிதரைப் பற்றிப் பேசும்போது அவர் ஆணா பெண்ணா என்பது தெரியாவிட்டால், அல்லது அதைக் குறிப்பிடத் தேவையில்லாவிட்டால், 'தே' என்னும் பன்மைப் பெயர் வருகிறது. யாரோ ஒருவர் வகுப்பறையில் குடையை மறந்துவிட்டுப் போகிறார். அதைச் சொல்லும் ஆங்கில வாக்கியம் 'சம்வன்' என ஒருமையில் தொடங்கி, 'தெயர்' என்ற பன்மை உடைமைச்சொல்லோடு குடையைச் சேர்க்கிறது. 'எவ்ரிவன்', 'எனிவன்', 'நோபடி' போன்ற சொற்களுக்குப் பின்னும் இதுவே நடக்கிறது. எண்ணில் ஒருமை, பின்வரும் சுட்டில் பன்மை.

இதைப் பற்றி மூன்று கருத்துகள் நிலவுகின்றன. எண் இயைபு கெட்ட பிழை என்பது ஒன்று. பாலின சமத்துவம் பேசும் இக்காலத்தின் புதுவழக்கு என்பது இரண்டாவது. மொழிக்கு இயல்பாக வேண்டியிருக்கும் பழைய ஏற்பாடு என்பது மூன்றாவது. முதல் இரண்டும் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து எழுந்தவை. உயர்திணைப் பன்மையில் ஆண், பெண் வேறுபாடு காட்டாத தமிழ் இதே சிக்கலை வெகுமுன்பே சந்தித்து, அதற்கு விதியும் வகுத்திருக்கிறது. அந்தச் சான்றை வைத்து ஆராய்ந்தால் மூன்றாவது கருத்தே நிற்கும் என்பதும், தமிழில் அந்தப் பன்மைக்குப் பின்னாளில் நேர்ந்தது ஆங்கிலத்துக்கும் பாடமாகும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. ஆங்கில வழக்கின் வரலாறு

ஒருமைப் பொருளில் வரும் 'தே' புதியதன்று. 14ஆம் நூற்றாண்டின் இடைக்கால ஆங்கிலக் கதைப்பாடலான 'வில்லியம் ஆஃப் பாலெர்ன்' இவ்வழக்கிற்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. சாசர், ஷேக்ஸ்பியர், ஜேன் ஆஸ்டின் ஆகியோரின் எழுத்துகளிலும் இது தடையின்றி வருகிறது. இதைப் பிழை என்று ஒதுக்கியவர்கள் 18ஆம் நூற்றாண்டின் இலக்கணக்காரர்கள். லத்தீன் இலக்கணத்தின் எண் இயைபை அளவுகோலாகக் கொண்டு, ஆள் தெரியாத இடத்தில் 'ஹி' என்ற ஆண்பாலே இருபாலுக்கும் போதும் என்ற விதியை அவர்கள் நிலைநாட்டினர். லிண்ட்லி மரே 1795இல் வெளியிட்ட இலக்கண நூல் பள்ளிகளில் மிகப் பரவலாகப் பயன்பட்டது. 'தே' வரும் வாக்கியங்களைத் திருத்தி எழுதுவது அதில் பயிற்சியாகவே இருந்தது.

ஆண்பால் பெண்பாலையும் அடக்கும் என்பது இலக்கணத்தோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1850இல் இயற்றிய சட்டமொன்று, சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்று அறிவித்தது. இலக்கண விதியும் சட்ட விதியும் ஒன்றுக்கொன்று துணைநின்ற இந்த வரலாற்றை ஆன் போடின் 1975இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை எடுத்துக்காட்டியது. இவ்வளவு தடைக்குப் பின்னும் பேச்சிலிருந்து 'தே' மறையவில்லை என்பதையும் அவர் சுட்டினார். இருநூறு ஆண்டுப் பள்ளிப் பயிற்சியால் அழிக்க முடியாத ஒன்றைப் பிழை என்று சொல்வது பொருந்தாது. மொழியின் உள்ளே அதற்கு ஒரு தேவை இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

'தே' வேண்டாம், 'ஹி'யும் வேண்டாம் என்று கருதியவர்கள் புதுச்சொல் படைக்கவும் முயன்றனர். அமெரிக்கரான சார்லஸ் கன்வர்ஸ் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய 'தான்' (தமிழ்த் 'தான்' அன்று, ஆங்கிலத்தில் இரு சொற்களைச் சுருக்கிக் கட்டியது) சில அகராதிகளில் இடம்பிடித்துப் பின்னர் மறைந்தது. ஆக்கிய சொல் தோற்றது. பழக்கத்தில் இருந்த பன்மையே வென்றது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு 2019ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் ஒருமைத் 'தே'யை முழுமையாக ஏற்றது. அதே ஆண்டில் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 'தே'யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

ஆனால் அந்த 2019 அறிவிப்புக்குப் பின்னால் இருந்தது வேறொரு பயன்பாடு. தம்மை ஆண் என்றோ பெண் என்றோ அடையாளப்படுத்தாத, பெயர் தெரிந்த ஒருவரைத் 'தே' என்பது அது. ஆள் தெரியாத இடத்தில் வரும் 'தே' வேறு. ஆள் தெரிந்த இடத்தில் அவர் விருப்பப்படி வரும் 'தே' வேறு. பொது விவாதங்களில் இரண்டும் கலந்துவிடுவதால் பழையதும் புதியதாகத் தோன்றுகிறது. ஃபோர்ட்ஷ், கெர்ன்ஸ்பேக்கர் என்னும் இரு உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்ட வாசிப்பு ஆய்வு இந்த வேறுபாட்டுக்கு நல்ல சான்று. முன்னால் வரும் பெயர் குறிப்பிட்ட யாரையும் சுட்டாதபோது 'தே' வாசிப்பைத் தாமதப்படுத்தவில்லை. குறிப்பிட்ட ஓர் ஆளைச் சுட்டியபோது தாமதப்படுத்தியது. அறியாத ஆளுக்குப் பன்மை என்பது ஆங்கில வாசகரின் மனத்தில் நெடுங்காலமாகவே ஊன்றியிருக்கிறது.

3. தொல்காப்பியத்தின் தீர்வு

தமிழில் உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று பால். அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டு. உயர்திணையின் ஒருமையில் ஆண் அல்லது பெண் என்று சொல்லியே ஆக வேண்டும். பொதுவான ஒருமை கிடையாது. பன்மைக்கு வந்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிட மொழிகளின் உயர்திணைப் பன்மை இருபாலுக்கும் பொதுவாக நிற்பதைத் தனித்து எடுத்துரைத்தார். 'ஹி', 'ஷி' என ஒருமையில் பிரிந்து 'தே'யில் ஒன்றாகும் ஆங்கிலமும் இதே அமைப்பை உடையது. மரபுவழித் தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே இடத்தில் இடறி ஒரே வழியில் வெளியேறியிருக்கின்றன.

ஆங்கில இலக்கணக்காரர்கள் அந்த வழியை அடைத்தார்கள், தொல்காப்பியர் விதியாக்கினார். சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் ஐயத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறது. திணை தெளிந்திருந்து பால் தெளியாத இடத்தில் பன்மையால் கூற வேண்டும் என்பது அங்குள்ள நூற்பா ஒன்றின் கருத்து. உரையாசிரியர்கள் தரும் சூழல் எளிமையானது. தொலைவில் ஓர் உருவம் வருகிறது. மனிதர் என்பது தெரிகிறது, ஆணா பெண்ணா என்பது தெரியவில்லை. அப்போது வினை பலர்பால் ஈறு ஏற்கும். திணையே தெரியாவிட்டால், நிற்பது மரக்கட்டையா ஆளா என்ற ஐயம் எழுந்தால், 'உருவு' போன்ற பொதுச்சொல்லால் கூறலாம் என்று அடுத்த விதி வழிகாட்டுகிறது. அதற்கு அடுத்த நூற்பா, ஐயம் நீங்கித் தெளிந்த பின் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் விடவில்லை. அறியாமை, அதன் அளவு, அது தீரும் நிலை மூன்றுக்கும் சொல்வடிவம் வகுத்த இந்த வரிசை வியக்கத்தக்கது. வராத அறிவை வந்ததாகக் காட்டி 'ஹி' என்று எழுதச் சொன்ன பிற்கால ஆங்கில விதியைவிட இது நேர்மையானது.

'ஒருவர்' என்ற சொல்லைப் பற்றிய விதி இதைவிட நெருக்கமானது. ஒருவன், ஒருத்தி என்பவற்றுக்கு நடுவே 'ஒருவர்' இருபாலுக்கும் பொதுவாக நிற்கும் என்றும், பொருளில் ஒருமையானாலும் பன்மை வினையே கொள்ளும் என்றும் தொல்காப்பியப் பெயரியல் கூறுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியும் இதையே வழிமொழிகிறார். 'ஒரு' என்னும் எண்ணுப் பெயரும் 'அர்' என்னும் பலர்பால் ஈறும் ஒரே சொல்லுக்குள் இணங்கி நிற்கின்றன. ஆங்கிலத்தில் பிழை என்று பழிக்கப்பட்ட எண் முரண், தமிழில் இலக்கணம் ஏற்ற ஒரு சொல்லாகவே உள்ளது. 'யார்' என்னும் வினாவும் இப்படியே: வடிவில் பலர்பால் போல் தோன்றினாலும் உயர்திணை முப்பாலுக்கும் உரியது.

அஃறிணையில் நிலைமை மாறுகிறது. ஆங்கிலம் உயிரற்ற பொருள்களின் தொகுதியையும் 'தே' என்றே சுட்டும். தமிழில் வயலுக்குள் நுழைந்தது ஒரு மாடா பல மாடுகளா என்று தெரியாத சூழலைப் பழைய உரைகள் எடுத்துக்காட்டினாலும், இன்றைய வழக்கு பெரும்பாலும் ஒருமையின் பக்கமே சாய்கிறது. 'மாடு வந்தது' என்பது ஒன்றையும் குறிக்கும், மந்தையையும் குறிக்கும். பேச்சில் 'வந்தன' என்பதே அரிது. அறியாத மனிதருக்குப் பன்மை, அறியாத பொருளுக்கு ஒருமை என்ற இந்தப் பிரிவினை, பன்மையின் வேலை எண்ணிக்கையைச் சொல்வது மட்டுமன்று என்பதைக் காட்டுகிறது. பொருளுக்குப் பால் சிக்கல் இல்லை. ஆகவே அதை மறைக்கப் பன்மையும் தேவைப்படவில்லை.

4. மரியாதை வந்து கலந்தபோது

தொல்காப்பியம் இன்னொரு பன்மையையும் அறிந்திருந்தது. ஒரே ஆளை உயர்த்திச் சொல்லப் பன்மை வழங்குவது உலக வழக்கால் வந்தது, இலக்கண நெறியால் அன்று என அது பிரித்து வைத்தது. ஐயப் பன்மையை விதியாகவும் மரியாதைப் பன்மையை வழக்காகவும் கண்ட இந்தப் பாகுபாட்டின் நுட்பத்தைப் பிற்காலம் காக்கவில்லை. மரியாதை வழக்கு வளர்ந்து 'அவர்' முழுக்க ஒருமைச்சொல் ஆனது. பலரைச் சுட்ட வேறு சொல் வேண்டியதாயிற்று. முதலில் அஃறிணைக்கு உரியதாயிருந்த 'கள்' சேர்ந்து 'அவர்கள்' பலரைக் குறித்தது. பிறகு அதுவும் ஒரே ஆளின் பெயருக்குப் பின் மரியாதை ஒட்டாயிற்று. கோலாலம்பூரின் எந்தத் தமிழ்ப் பொதுக்கூட்ட அழைப்பிதழிலும் தலைமை தாங்குபவர் பெயருக்குப் பின் 'அவர்கள்' நிற்கும்.

ஆங்கில முன்னிலையும் இதே பாதையில் சென்றது. 'யூ' பன்மைக்குரியது, 'தவ்' ஒருமை. மரியாதைக்காக 'யூ' ஒருவர்க்கும் வழங்கத் தொடங்கி, இறுதியில் 'தவ்' வழக்கொழிந்தது. ஒருவரைப் பன்மையால் அழைப்பது பொய் என்று எதிர்த்த குவேக்கர் சமயத்தவர், 1660இல் ஜார்ஜ் ஃபாக்ஸ் முதலானோர் எழுதிய நூலில் பல மொழிகளிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் திரட்டி வாதாடினர். அந்த வாதம் தோற்றது. இன்று 'தே'யை எண் முரண் என்று எதிர்ப்பவர்கள், அதே முரணைத் தம் ஒவ்வொரு 'யூ ஆர்'-இலும் ஏற்கிறார்கள்.

தமிழில் மரியாதை கலந்ததன் விளைவு இரண்டு. முதலாவது, பொதுச்சொல் சமூகத்தட்டு காட்டும் சொல்லாகவும் மாறியது. செய்தித்தாளில் பெயர் தெரியாத ஆள் 'நபர்' அல்லது 'ஆடவர்' ஆகிறார். மலேசியத் தமிழ் ஏடுகளில் 'ஆடவர்', 'மாது' என்னும் இணை அன்றாட வழக்கு. அவர் மீது குற்றம் சாட்டப்பட்டதும் வினை 'ஆர்' ஈற்றிலிருந்து 'ஆன்' ஈற்றுக்கு இறங்குவதைப் பழைய செய்திகளில் அடிக்கடி காணலாம். ஆளைத் தெரியாததால் வந்த பன்மை மரியாதையாகப் படிக்கப்படுவதால், மரியாதை வேண்டாத இடத்தில் எழுதுபவர் பொதுத்தன்மையையும் சேர்த்தே கைவிடுகிறார். ஆங்கிலத் 'தே'க்கு இந்தச் சுமை இல்லை. திருடரையும் நீதிபதியையும் அது ஒரே அளவில் சுட்டும்.

இரண்டாவது விளைவு அவ்வளவாகக் கவனிக்கப்படாதது. எழுத்துத் தமிழில் 'அவர்' இருபாலுக்கும் பொது. பேச்சுத் தமிழில் பெரும்பாலும் 'அவரு' மரியாதைக்குரிய ஆண். மரியாதைக்குரிய பெண்ணுக்கு 'அவங்க'. பொதுச்சொல் ஒன்று பேச்சில் ஆண்பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால் 'மருத்துவர் வந்தார். அவர் மருந்து எழுதினார்' என்று எழுதும்போது இலக்கணம் பொதுவாக இருந்தாலும் வாசகர் மனத்தில் ஆண் உருவம் எழ வாய்ப்பு அதிகம். ஜான் காஸ்டில் 1990இல் வெளியிட்ட ஆய்வு, பொதுப்பொருளில் வரும் ஆங்கில 'ஹி', 'தே'யைவிட அதிகமாக ஆண் உருவங்களை எழுப்புகிறது எனக் கண்டது. தமிழ் 'அவர்' குறித்து அத்தகைய சோதனை வேண்டும். 'ஹி'யைப் போன்ற சாய்வு அதற்கு இருக்கக்கூடும் என்று பேச்சுவழக்கு எச்சரிக்கிறது.

ஆள் தெரியாத இடத்தில் பேச்சுத்தமிழ் எடுப்பது 'அவரு' அன்று. கதவு தட்டப்பட்டால் 'யாரோ தட்றாங்க'. வதந்தியைச் சொன்னால் எழுவாயே இல்லாமல் 'சொல்றாங்க'. தட்டுபவர் ஒருவராகவே இருந்தாலும் வினை பன்மை. தொல்காப்பியர் சொன்ன ஐயப் பன்மை ஏட்டிலிருந்து மங்கினாலும் வீட்டுப்பேச்சில் உயிரோடு இருக்கிறது. 'யாரு வந்தது?' என்று அஃறிணை வடிவில் கேட்பது இன்னொரு வழி. 'வந்தது' அங்கே செயலின் பெயராக நின்று பால் சிக்கலைத் தாண்டிவிடுகிறது.

5. கிள்ளான் பள்ளத்தாக்கில் மூன்று மொழிகள்

இந்த வேறுபாடுகள் ஒரே குடும்பத்துக்குள் சந்திக்கும் இடம், மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள சுபாங் ஜெயா. சீபீல்ட் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் 1970களில் எழுந்த இந்நகரம் 2020 அக்டோபரில் மாநகர் தகுதி பெற்றது. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் ஆங்கிலவழித் தனியார் கல்லூரிகளும் இங்கே அருகருகே உள்ளன. வீட்டில் தமிழ், அலுவலகப் படிவத்தில் மலாய், கல்லூரியில் ஆங்கிலம் என்பது இங்குள்ள பல தமிழ் மாணவர்களின் நாள்.

மலாய்மொழிக்கு இந்தச் சிக்கலே இல்லை. 'டியா' ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று. மரியாதைக்கு 'பெலியாவ்' எனத் தனிச்சொல். பலருக்கு 'மெரேக்கா'. ஒவ்வொருவருக்கும் உரியதைச் சொல்ல 'மாசிங்-மாசிங்'. அறியாத ஆள், மதிப்புக்குரிய ஆள், பலர் என்னும் மூன்று தேவைகளில் மதிப்புக்கும் பலருக்கும் மலாய் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. அறியாத ஆளுக்குப் பால் காட்டாத ஒருமையே போதுமாகிறது. ஆங்கிலம் பலரையும் அறியாத ஆளையும் 'தே'யில் இணைக்கிறது; மரியாதைக்கு அதில் இடமில்லை. எழுத்துத் தமிழ் அறியாத ஆளையும் மதிப்புக்குரியவரையும் 'அவர்' என்பதில் இணைத்து, பலரை 'அவர்கள்' எனப் பிரிக்கிறது. பேச்சுத் தமிழின் 'அவங்க' மூன்றையும் தாங்குகிறது. ஒருமைத் 'தே' தமிழருக்கு அந்நியமாகப் படக் காரணமே இல்லை. 'அவங்க' சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு அது வீட்டு வழக்கு. தமிழ் மாணவருக்கு இதை விளக்கும் ஆசிரியர் லத்தீன் இயைபைத் தொட வேண்டியதில்லை. 'ஒருவர் வந்தார்' என்ற வாக்கியமே போதும்.

சிரமம் மொழிபெயர்ப்பில்தான். பள்ளி அறிவிப்பில் 'மாணவர் ஒருவர் காயமடைந்தார்' என்ற தமிழ்ச் செய்தியும் மலாய்ச் செய்தியும் பால் சொல்லாமல் முடிந்துவிடும். ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் 'ஹி'யா 'ஷி'யா என்று விசாரிக்கத் தொடங்குவார். விசாரிக்க முடியாவிட்டால் ஊகிப்பார். மூலத்தில் இல்லாத தகவல் அப்படித்தான் மொழிபெயர்ப்பில் நுழைகிறது. 'தே' அந்த ஊகத்தைத் தேவையற்றதாக்குகிறது.

6. சட்டத்தில் ஆண்பால்

'ஹி' போதும் என்ற வாதத்தின் பலவீனம் சட்டத்தில்தான் வெளிப்பட்டது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்பாலில் பெண்பாலும் அடங்கும் என்று கூறியிருந்தும், 1867ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் 'ஆண்' என்ற சொல் பெண்களை உள்ளடக்காது என்று 1868இல் 'சார்ல்டன் எதிர் லிங்ஸ்' வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமையென்றால் அடங்கியது, உரிமையென்றால் அடங்கவில்லை என்று அக்காலப் பெண்ணுரிமையாளர்கள் குற்றம்சாட்ட இடம் தந்தது அது.

ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்னும் ஆங்கிலேய மரபு விளக்க விதியை மலேசியாவும் ஏற்றது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)ஆம் பிரிவில் 'பாலினம்' என்ற சொல் 2001இல் சேர்க்கப்பட்டு, பாகுபாடு தடுக்கப்பட்டது. இருப்பினும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமை பற்றிய விதியில் 'தந்தை' என்று மட்டுமே இருந்தது. அது தாயையும் உள்ளடக்கும் என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2021 செப்டம்பரில் கூறியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதை மறுத்தது. பிறகு அரசியலமைப்பைத் திருத்தவே வேண்டியதாயிற்று. 2024 அக்டோபரில் மக்களவை அத்திருத்தத்தை நிறைவேற்றியது. 'தந்தை' சுட்டுப்பெயர் அன்று. அதன் பொருள் எல்லை 'ஹி'யைவிடத் தெளிவானது. ஆனாலும் ஒரு பாலின் சொல்லை எழுதிவிட்டு மறுபாலையும் விளக்கத்தால் உள்ளே கொண்டுவரலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியற்றது என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் இல்லை. பொதுவாகச் சொல்ல வேண்டியதைப் பொதுச்சொல்லால் எழுதுவதே வழி.

7. தமிழ் எழுத்துக்கு

தமிழில் பொதுச்சொல்லுக்குப் பஞ்சமில்லை. அதை இறுதிவரை காப்பதில்தான் கவனம் குறைகிறது. 'ஒவ்வொருவரும் தன் கடமையைச் செய்ய வேண்டும்' என்ற வகை வாக்கியம் அச்சில் அடிக்கடி வருகிறது. 'ஒருவர்' பன்மை வினை கொள்ளும் என்ற விதியோடு 'தன்' ஒத்துவரவில்லை. 'தம்' என்பதே பொருந்தும். ஆங்கிலத்தின் 'எவ்ரிவன்... தெயர்' என்ற இணைக்கு நேரானது 'ஒவ்வொருவரும்... தம்'. அதேபோல் பாடநூல்களிலும் விதிமுறைகளிலும் 'மனிதன் தான் விரும்பிய தொழிலை' என்று தொடங்கும் வாக்கியங்கள் 'ஹி'யின் நிழலில் எழுதப்பட்டவை. 'ஒருவர் தாம் விரும்பிய தொழிலை' என்பது பழைய விதிக்கும் இன்றைய தேவைக்கும் ஒருங்கே பொருந்தும். தம்மை ஆண், பெண் என்னும் இரண்டிலும் அடைக்க விரும்பாதவரையும் 'அவர்' இயல்பாகவே சுட்டுகிறது. ஆங்கிலத்தில் கடும் விவாதமான ஒன்று தமிழ் எழுத்தில் ஓசையின்றி நடக்கிறது. ஆனால் அந்த 'அவர்' எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும், வீட்டுவேலை செய்பவருக்கும், வயதில் இளையவருக்கும் 'ஆர்' ஈற்றை மறுக்கும் வரை தமிழின் பொதுப்பெயர் பாதிப் பொதுவாகவே இருக்கும். மலேசியத் தமிழ் ஏடுகளும் பாடநூல் எழுதுவோரும் 'ஆன்' ஈற்றை இந்த இடங்களிலிருந்து நீக்குவதைத் தம் நடைவிதியாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்.